கடன் வாங்கிக் கல்யாணமா?

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை, விமானப்படை நிலையத்தை ஒட்டிய ஊர். மாதச் சம்பளம் வந்தால்தான் அடுப்பெரியும் வீடுகள் அங்கு ஏராளம். அவ்வீட்டுத் தாய்மார்களுக்குச் சிக்கனம் கற்பிக்க நாம் வரவில்லை. மளிகைச் சீட்டில் கால் கிலோவைக் குறைத்து, பத்தும் இருபதுமாய்ச் சேர்க்கும் வித்தையை நாம்தான் அவர்களிடம் கற்க வேண்டும்.

ஆனால், அப்படிச் சேர்த்த பணம் போவது எங்கே? மண்டபத்துக்கும் மேளத்துக்கும், பந்தலுக்கும் பகட்டுக்கும்! போதாக்குறைக்கு, நாலு பேர் மெச்ச வேண்டுமென்று 3 லட்சம் கடன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000. அசலோ அசையாமல் நிற்கும்! மெச்சிய நாலு பேரில் ஒருவராவது வட்டி கட்ட வருவாரா?

வழி இல்லாமலில்லை. 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் தந்தை பெரியார் சுயமரியாதைத் திருமணம் நடத்திக் காட்டினார். அண்ணாவின் அரசு 1967-இல் அதற்குச் சட்டம் நிறைவேற்றியது. உற்றார் நண்பர் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், மணம் செல்லும்.

புரோகிதரை விட்டோம், பகட்டை விட்டோமா? ஆளுயர மாலையும் அலங்கார வளைவும் கழகத் தோழர்கள் இல்லங்களிலும் நுழைந்துவிட்டனவே! ஊருக்குச் சொன்னதை முதலில் நம் வீட்டில் செய்வோம். கடனில்லாத வாழ்வே மணமக்களுக்கு நாம் தரும் சீர்.