சோலார் ஹீட்டர் இருந்தும் கரன்ட் பில் எகிறுதா?

கோவைப் பக்கம் மொட்டை மாடிகளில் சோலார் வாட்டர் ஹீட்டர் சகஜம். ஆனால், மாட்டியதோடு பலரும் மறந்துவிடுகிறோம். மார்கழியில் வெந்நீர் போதாதபோது டேங்கிலுள்ள மின்சார காயிலை ஆன் செய்கிறோம். 2 கிலோவாட் காயில் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். தினமும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்ந்துவிடும்.

இதைத் தவிர்க்க...

* உப்பு: சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. போர் தண்ணீரிலோ உப்பு அதிகம். அது டியூபுக்குள் வெள்ளையாகப் படிந்து, வெயிலின் சூடு தண்ணீருக்குப் போவதைத் தடுக்கும். போர் தண்ணீர் வீடுகளில் வருடம் ஒருமுறை மெக்கானிக்கை வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

* தூசி: டியூபின் வெளிப்புறத்தை அதிகாலையில் கழுவுங்கள். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

* டியூப்: அடிமுனை வெள்ளியாகப் பளபளக்க வேண்டும். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது. அந்த டியூபை மட்டும் மாற்றினால் போதும்.

* நிழல்: குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்குப் பக்கத் தென்னை மட்டையின் நிழல் விழுகிறதா என்று பாருங்கள்.

* குழாய்: வெந்நீர்க் குழாய்க்கு ஃபோம் உறை போடுங்கள், வழியிலேயே சூடு ஆறாது.

* சுவிட்ச்: காயிலை இரவு முழுக்க ஆனில் விடாதீர்கள். மழை, மேகமூட்ட நாட்களில், குளிக்கும் முன் அரை மணி நேரம் போட்டாலே போதும்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒருமுறை மாடியேறிப் பாருங்கள். மார்கழி வெந்நீரை வெயிலே பார்த்துக்கொள்ளும்!