இரவுப் பயணமும் இல்லத்து விளக்கும்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை நிறைவுற்று மக்கள் கலைந்த பின்னர், எமது பங்கைச் சேர்ந்த இளந்தம்பதியர் கைக்குழந்தையோடு அறைவீட்டு வாசலில் வந்து நின்றனர். கணவர் கனரக வாகன அனுமதிப்பத்திரம் பெற்று, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் சரக்கு லொறி ஒன்றில் சாரதியாகச் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. "சுவாமி, பிள்ளை என்னைக் கண்டால் அழுகுது. ஆரோ வேற்றாள் எண்டு நினைக்குது" என்றார் அவர். மனைவி உடனே, "அதுக்கு என்ன செய்யிறது சுவாமி, நகை ஈட்டில கிடக்குது" என்றார். இருவர் கூறியதும் உண்மையே.

இத்தொழிலை அறியாதோர்க்குச் சிறிது விளக்குதல் நன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மாலையில் வெங்காயமும் மரக்கறியும் கருவாடும் ஏற்றிப் புறப்படும் லொறி, கிளிநொச்சி, வவுனியா கடந்து விடியுமுன் புறக்கோட்டையை அடைய வேண்டும். நாட்டாமைமார் சரக்கை இறக்கியதும், திரும்பும் சுமைக்காகக் காத்திருப்பு. அடுத்த இரவு மீண்டும் வீதியில். ஆக, ஒரு நடை என்பது இரண்டு இரவுகள். வாரத்துக்கு இரண்டு நடை ஓடினால் நான்கு இரவுகள் வீட்டில் இல்லை. மூன்று ஓடினால் ஆறு. ஊதியமோ நடைக்கணக்கில். மூன்றாவது நடைதான் புதிய சாரதியை ஈர்க்கிறது. முதலாளியும் புதியவரிடமே அதை முதலில் கேட்கிறார்.

அன்று மேசையில் ஒரு தாளை வைத்து மூவருமாகக் கணக்குப் பார்த்தோம். மூன்றாவது நடையின் ஊதியத்திலிருந்து வழிநெடுகிலும் உண்ணும் உணவு, தேநீர், வெற்றிலை, தொலைபேசிச் செலவு யாவற்றையும் கழித்தோம். எஞ்சியது அவர்கள் எண்ணியதைவிடக் குறைவு. ஆயினும் ஒன்றுமில்லை எனத் தள்ளத்தக்க தொகையும் அன்று. அதை அற்பம் என்று சொல்வது என்னைப் போன்ற குருவுக்கு எளிது. மாதந்தோறும் வட்டி கட்டுபவருக்கு எளிதன்று.

ஆனால் அக்கணக்கில் விடுபட்டவை சில இருந்தன. சுமை கிடைக்காது காத்திருக்கும் நாளுக்கு ஊதியம் உண்டா? சக்கரம் வெடித்தால், தண்டப்பணம் விதிக்கப்பட்டால், யார் செலுத்துவது? இவற்றை அவர் கேட்டிருக்கவே இல்லை. 2022இல் டீசலுக்காக லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. நடைக்கூலி பெறும் சாரதிக்கு அந்நாட்கள் வீட்டுக்கும் உதவவில்லை, வருமானத்துக்கும் உதவவில்லை. ஊழியர் சேமலாப நிதியும் அவ்வாறே. நடைக்கூலிக்காரருக்கு அது கிடையாது எனப் பலர் நம்புகின்றனர். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். அதற்கு மேலாக நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். தன் பெயரில் அது கட்டப்படுகிறதா என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

உறக்கத்தைப் பற்றியும் கேட்டேன். மாங்குளத்துக்கு அப்பால் நேராக நீளும் வீதியில், அதிகாலை மூன்று மணியளவில் கண்கள் தாமாகவே மூடுவதாக மெதுவாகச் சொன்னார். மனைவி அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். வீட்டில் கழிக்கும் நேரம் அன்புக்கு மட்டும் உரியதன்று, உறங்குவதற்கும் உரியது. வாரத்தில் ஆறு இரவு விழித்திருப்பவர், வீட்டிலிருக்கும் பகலிலும் பிள்ளையைத் தூக்குவதில்லை, உறங்கவே செய்கிறார்.

விவிலியத்தில் இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தை அவர்களுக்கு வாசித்தேன். புதிதாக மணம் புரிந்தவனைப் போருக்கு அனுப்பாது, ஓராண்டு வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க விட வேண்டும் என்கிறது அதன் ஐந்தாம் வசனம். அதே அதிகாரத்தில், சற்றுக் கீழே, ஏழைக் கூலியாளின் ஊதியத்தைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டளை வருகிறது. இல்லமும் ஊதியமும் ஒரே பக்கத்தில். உழைப்பைப் பற்றி 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், ஒருவரது நியாயமான ஊதியம் ஒரு குடும்பத்தைத் தாங்கப் போதியதாக இருத்தல் வேண்டும் என்றார். எமது முதலாளிமாரில் பலர் ஞாயிறு தவறாது திருப்பலிக்கு வருபவர்கள். இவ்வரிகள் அவர்களுக்கும் உரியவை.

ஈற்றில் அவர்கள் எடுத்த முடிவு இது. மடு ஆவணித் திருவிழா வரை மூன்று நடை. அதற்குள் நகையை மீட்பது. அதன்பின் இரண்டு. நாளை மனைவி நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். நடைகளைக் குறைக்குமாறு கேட்பதற்குப் பதிலாக, நிச்சயமான ஓர் ஓய்வுநாளைத் தருமாறு முதலாளியிடம் கேட்கும்படி நான் சொன்னேன். புதியவருக்கு ஞாயிறு கிடைக்கவில்லை. மூத்த சாரதிகள் அதை விடவில்லை. வியாழன் கிடைத்தது. இரண்டு ஞாயிறுகளுக்கு ஒருமுறை, காலையில் வந்திறங்கும் நாளில், நேரே ஆலயத்துக்கு வருகிறார்.

சென்ற ஞாயிறு கண்கள் சிவந்திருக்க, ஆலயத்தின் பின்வரிசையில் நின்றார். குழந்தை தாயிடம் போக வேண்டுமென்று அழுதுகொண்டிருந்தது. அவர் கொடுக்கவில்லை.