“சென்டர் லைன் எங்க தம்பி?”

வத்தலகுண்டு சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. முப்பதுக்கு நாற்பது, 1,200 சதுர அடி. திண்டுக்கல் பேச்சில் சொன்னால் இரண்டே முக்கால் சென்ட். வீடு கட்டப் பேச்செடுத்ததும் ஊரில் முதலில் வரும் கேள்வி ‘பிளான் போட்டாச்சா?’ என்பதுதான். நானே கணினியில் உட்கார்ந்து போட்டேன். வண்ணத்தில் அச்செடுத்து மேஸ்திரியிடம் நீட்டினேன். சோபா, ஜன்னல் திரை, மேசைமேல் பூச்சாடி எல்லாம் இருந்த 3டி படம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “படம் ஜோரா இருக்கு. சென்டர் லைன் எங்க தம்பி?” என்றார்.

சுவரின் தடிமனுக்கு நட்டநடுவில் ஓடுவதாக வைத்துக்கொள்ளும் கோடுதான் சென்டர் லைன். வானம் தோண்டுவதற்கு முன் முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளைத் தூவுவது அந்தக் கோட்டை நம்பித்தான். என் படத்தில் அது இல்லை. நான் எடுத்துக்கொண்ட மென்பொருள் மேஸ்திரியை மனதில் வைத்து எழுதப்பட்டதும் இல்லை. லினக்ஸில் வீட்டுப் பிளான் போட எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அந்தப் படத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அம்மா பார்த்து அடுப்பு எந்தப் பக்கம் என்று சொல்வதற்கான படம் ஒன்று, நூல் கட்டுவதற்கான படம் ஒன்று, செங்கல் கணக்குப் பார்ப்பதற்கான படம் இன்னொன்று. மூன்றையும் ஒரே மென்பொருளில் போட நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

எங்கள் வீட்டுக் கணினி, தங்கை பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஆரம்பத்தில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். டெபியனை அடித்தளமாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. எத்தனை வீடுகளில் அதைத் திறந்து பார்த்தார்களோ! 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பதினொன்றுக்கு ஏற முடியாத பழைய பெட்டிகளுக்கு லினக்ஸ் ஒரு மறுபிறவி. ஆனால் நம் ஊர் இன்ஜினியர்கள் எல்லோரும் கையாளும் ஆட்டோகேட் அதில் ஓடாது. ஒரு காலத்தில் யுனிக்ஸ் கணினிகளுக்கும் ஆட்டோகேட் வந்துகொண்டிருந்தது. 1990-களின் நடுவில் அந்த வழியை மூடியவர்கள், லினக்ஸுக்குத் திறக்கவே இல்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் ‘வைன்’ வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்பவர்களின் பொறுமை எனக்கு இல்லை.

சரி, கணினிக்குச் சுவர் என்றால் என்ன? போட்டோவில் அது வெறும் நிறப் புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் உடைந்துபோகும், அளக்கவும் முடியாது. வரைவு மென்பொருளில் அது இரண்டு கோடு. ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடம், முடியும் இடம் என்று நாலு எண்கள். எத்தனை பெரிதாக்கினாலும் எண் மாறாது. மூன்றாவது வகையில்தான் சுவர் சுவராகவே இருக்கிறது. தன் நீளம், உயரம், தடிமன், தனக்குள் ஒரு கதவு இருப்பது எல்லாம் அதற்குத் தெரியும். கதவை நகர்த்தினால் ஓட்டையும் கூடவே நகரும்.

நான் முதலில் எடுத்தது ‘ஸ்வீட் ஹோம் 3டி’. பிரான்சைச் சேர்ந்த எம்மானுவேல் ப்யூபாரே ஜாவா மொழியில் எழுதி, 2006-லிருந்து இலவசமாகக் கிடைத்துவரும் மென்பொருள். மேல் பாதியில் தரைப் பிளானை வரைந்தால் கீழ்ப் பாதியில் வீடு எழும்பி நிற்கும். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். சிக்கல், அது நம்மைக் கேட்காமலே வைத்திருக்கும் அளவுகளில் இருக்கிறது. சுவர்த் தடிமன் 7.5 சென்டிமீட்டர் என்று தொடங்கும், அதாவது மூன்று அங்குலம். நம் வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் நாலரை. வீட்டின் அகலத்தில் இரண்டு வெளிச்சுவரும் ஒரு உள்சுவரும் வந்தால் 22½ அங்குலம் சுவருக்கே போய்விடும். மென்பொருளோ ஒன்பது அங்குலம்தான் கழிக்கும். மிச்சம் 13½ அங்குலம் திரையில் மட்டும் இருக்கும் இடம். கட்டி முடித்தபின் பீரோவை வைக்கும்போதுதான் அது இல்லை என்பது தெரியும். உயரமும் அப்படித்தான். 250 சென்டிமீட்டர் என்பது எட்டடி இரண்டு அங்குலம், நாம் கட்டுவது பத்தடி. விருப்பத்தேர்வுகளில் போய் அளவை அடி-அங்குலத்துக்கு மாற்றி, தடிமனையும் உயரத்தையும் திருத்திவிட்டுத்தான் முதல் கோடே போட வேண்டும். நான் அதைக் கடைசியில் செய்தேன். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

தட்டுமுட்டுச் சாமான் பட்டியலில் குளியல் தொட்டி உண்டு, குளிர்காயும் கணப்பு உண்டு. அம்மிக்கல்லை எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் இந்த மென்பொருளில் ஒரு மூலையில் கிடக்கும் திசைகாட்டியைப் பலர் தொடுவதே இல்லை. அதில் அட்சரேகை 10.36, தீர்க்கரேகை 77.98 என்று திண்டுக்கல்லைப் பதிந்து, வடக்கு எது என்று திருப்பி வைத்து, தேதியும் நேரமும் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், அந்த நேரத்து வெயில் ஜன்னல் வழியே எங்கே விழும் என்று காட்டும். ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எதில் பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போடுகிற வேலை அது. பழைய மடிக்கணினி காற்றாடி அலறும், டீ குடித்துவிட்டு வரலாம். மே மாத நண்பகலுக்கு எடுத்துப் பார்த்தபோது வெயில் வடக்கிலிருந்து விழுந்தது. மென்பொருள் தப்பு என்றே நினைத்தேன். தப்பில்லை. நம் அட்சரேகையில் ஏப்ரல் 17 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருகிறது, பிறகு வடக்கே போய் ஆகஸ்ட் 26 வாக்கில் மறுபடி உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் 21-இல் அடிவானத்திலிருந்து சுமார் 77 பாகை உயரத்தில் வடக்குப் பக்கம் நிற்கும் அதே சூரியன், டிசம்பர் 21-இல் தெற்கே 56 பாகைக்கு இறங்கிவிடும். வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு சன்ஷேட் எதற்கு என்று மிச்சம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம். சித்திரை பிற்பகலில் மேற்குச் சுவர் வாங்கும் அடியைச் சொல்ல மென்பொருளே வேண்டாம், கையை வைத்தால் போதும்.

அம்மாவோடு பேச இந்தப் படம் போதும். அடுப்படியை இரண்டு தடவை மாற்றினார், குளியலறைக் கதவைத் திருப்பினார். மேஸ்திரிக்கு வேண்டியது ‘லிப்ரேகேட்’. ‘க்யூகேட்’ என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது, முழுக்க இரு பரிமாணம், நாலு ஜிபி நினைவகத்திலும் தாராளமாக ஓடும். சுவர் ஒரு லேயர், சென்டர் லைன் ஒரு லேயர், பில்லர் ஒரு லேயர், அளவுகள் தனி லேயர் என்று கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல் வரையலாம். நூல் கட்டும் நாளில் சென்டர் லைனையும் பில்லரையும் அளவுகளையும் மட்டும் காட்டி, ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவில் அச்செடுக்கலாம்.

இது கோப்பைச் சேமிக்கும் வடிவம் டிஎக்ஸ்எஃப். அதைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள், ஒருமுறையாவது. ‘லைன்’ என்ற சொல்லுக்குக் கீழே 10, 20, 11, 21 என்ற குறியெண்கள் வரும். பத்துக்கும் இருபதுக்கும் அடியில் இருப்பவை கோடு தொடங்கும் இடம், பதினொன்றுக்கும் இருபத்தொன்றுக்கும் அடியில் இருப்பவை முடியும் இடம். நம் வீட்டின் வடக்குச் சுவர் அவ்வளவுதான். 1982-இல் ஆட்டோகேட் வந்தபோது, மற்ற மென்பொருள்களோடு பரிமாறிக்கொள்ள அந்த நிறுவனமே வெளிப்படையாகத் தந்த வடிவம் இது. அவர்களின் சொந்த வடிவமான டிடபிள்யூஜியின் உள்ளமைப்பை மட்டும் வெளியிடவில்லை. திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு பூட்டு உவமையைச் சொல்லாமல் விட நினைத்தேன், முடியவில்லை. சாவி தராத அந்தப் பூட்டை நெம்பித் திறப்பதற்கென்றே 1998-இல் ஒரு கூட்டமைப்பு உருவானது. இன்று ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என்று பெயர். அவர்களுடைய இலவச மாற்றி லினக்ஸிலும் ஓடும்; இன்ஜினியர் அனுப்பும் டிடபிள்யூஜியை டிஎக்ஸ்எஃப் ஆக்கித் தரும். கட்டணம் செலுத்தத் தயார் என்றால் க்யூகேட்டின் தொழில்முறைப் பதிப்பும் பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேடும் டிடபிள்யூஜியை நேரடியாகவே கையாளும், இரண்டும் லினக்ஸில் கிடைக்கின்றன. கோப்பு எதுவானாலும் திறந்தவுடன் தெரிந்த ஒரு சுவரை அளந்து பாருங்கள். அங்குலத்தில் போட்டதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் வீடு 25.4 மடங்கு சுருங்கி, கொலுப்படியில் வைக்கும் அளவுக்கு வந்துவிடும்.

சுவரைச் சுவராகவே அறிந்தது ‘ஃப்ரீகேட்’. 2002-இல் ஜெர்மனியில் முளைத்து, 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. கட்டடங்களுக்கான பகுதியும் அதில் உள்ளடங்கி வருகிறது. பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலச் சுவர் என்றால் 75 கன அடி. கலவையோடு சேர்த்து ஒரு செங்கல்லை 9, 4½, 3 அங்குலம் என்று கொண்டால் 1,067 கல். அதில் மூன்றுக்கு ஏழு கதவு ஒன்றை வைத்தால் 224 கல் குறையும். கதவை நீங்கள் செருகியதும் கன அளவை அதுவே கழித்துவிடும், எண்ணை வாங்கி வகுப்பது மட்டும் நம் வேலை. ஆனால் கற்றுக்கொள்ள ஒரு மாதமாவது தேவைப்படும். ஒரு வீடு கட்டுபவருக்கு இது தேவையில்லை என்பது என் கட்சி. சிவில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கணக்கு வேறு.

அனுமதிக்கான வரைபடம் தனி விஷயம். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. எங்கள் மனை அதற்குள் அடங்கும். இருந்தாலும் எந்தக் கோப்பு வடிவம் வேண்டும் என்பதைப் பதிவு பெற்ற இன்ஜினியரிடம் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

லிப்ரேகேட்டில் புதிதாக வரைந்து, ஏ3 தாளில் அச்செடுத்து மேஸ்திரியிடம் மறுபடி போனேன். சென்டர் லைனைப் பார்த்ததும் தலையசைத்தார். பிறகு விரல் ஒரு இடத்தில் நின்றது. நான் ஆரம்பத்தில் சென்டிமீட்டரில் போட்ட மூன்று மீட்டர் படுக்கையறை, அடிக்கு மாறியபின் 9 அடி 10⅛ அங்குலம் என்று உட்கார்ந்திருந்தது.

“எட்டுல ஒரு இஞ்சா? டேப்பு வச்சு அளந்தாலும் கையில நிக்காது. அதோட, மனையடி சாஸ்திரத்துல ஒன்பது ஆகாது, உங்கப்பா விடமாட்டாரு.” காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதை அடித்தார். பக்கத்தில் ‘10’ என்று எழுதி, “இது உள்ளளவு, சுவரு நீங்கலா” என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நூல்கண்டை எடுக்கப் போனார்.