களவென்னும் பழி

பிறர் எழுதியதைத் தனதென்று காட்டுதல் களவு. தனதென்றே நம்பி எழுதியது பிறருடையதாய் முடியின், அதனை யாதென்பது?

கண்ணும் செவியும் இழந்த எலன் கெல்லர் 1891ஆம் ஆண்டில், பதினொரு வயதுச் சிறுமியாயிருந்தபோது, ‘பனியரசன்’ என்றொரு கதை எழுதிப் பாஸ்டன் நகரக் குருடர் பள்ளித் தலைவருக்குப் பிறந்தநாட் காணிக்கையாக விடுத்தாள். அவர் மகிழ்ந்து அச்சிடுவித்தார். அஃது மார்கரெட் கான்பி அம்மையாரின் பழங்கதையொன்றை மிக ஒத்திருந்தமை பின்னர்ப் புலனாயிற்று. எண்மர் கூடிய விசாரணைச் சபைமுன், ஆசிரியையும் உடனின்றித் தனியே நின்றாள் அச்சிறுமி.

உண்மை யாதெனில், 1888இல் அக்கதை அவள் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாய் உணர்த்தப்பட்டிருந்தது. கதை நெஞ்சில் தங்கிற்று. வந்த வழி மறந்தது. மனனஞ் செய்த செய்யுட்டொடர்கள் அழையாமலே நம் கட்டுரைகளிற் புகுதலை நாமும் அறிவோமன்றோ?

சபையினின்று தப்பினாள். ஆயினும், தாயாருக்குக் கடிதம் வரையும்போதுங்கூட, இவ்வாக்கியம் எங்கேனும் படித்ததோவென்று திரும்பத்திரும்ப எழுத்துக்கூட்டிப் பார்த்ததாக 1903இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவரே கூறுகின்றார்.