உஷார்! உங்கள் செல்லத்துக்கு ஊசி போடுபவர் யார்?

வீட்டில் நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ இருக்கிறதா? முதலில் அதன் தடுப்பூசி புக்கை எடுத்துப் பாருங்கள். கடைசியாகப் போட்ட ஊசிக்கு நேரே மருந்து பாட்டிலில் இருந்து உரித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா? அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி தெரிகிறதா? பக்கத்தில் டாக்டரின் கையெழுத்து, பெயர், பதிவு எண்ணோடு முத்திரை இருக்கிறதா?

வெறும் தேதியும் ஒரு கிறுக்கலும்தான் இருக்கிறதா? அப்படியானால் உங்கள் குட்டிக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று நம்பி இருக்காதீர்கள்!

வீணாகப் பயமுறுத்தவில்லை. தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம், பாவம், இன்னும் அந்தப் பேச்சை எடுத்தாலே அழுகிறார்கள்.

பிள்ளைகள் அடம்பிடித்து லேப்ரடார் குட்டி ஒன்று வாங்கினார்கள். விற்றவர், “ரெண்டு ஊசி போட்டாச்சு, இதோ புக்” என்று கையில் கொடுத்துவிட்டார். அடுத்த ஊசிக்கும் அவரே ஆள் அனுப்பினார். வீட்டுக்கே வருவாராம், கிளினிக்கில் ஆகிற செலவில் பாதிதானாம். யாருக்குத்தான் ஆசை வராது? வந்தவர் பைக் டேங்க் கவரைத் திறந்து, மருந்து ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த சிரிஞ்சை எடுத்தார். நல்ல சித்திரை வெயில். ஐஸ் பெட்டி இல்லை, பாட்டில் இல்லை. ஒரு நொடியில் போட்டுவிட்டு, புக்கில் தேதி எழுதி, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம், “எங்கே படித்தீர்கள்?” என்று கேட்கிற பழக்கம் நமக்கு ஏது?

சில வாரம் கழித்துக் குட்டி சாப்பாட்டைத் தொடவில்லை. நுரை நுரையாக வாந்தி. ஊசி போட்டவருக்குப் போன் செய்தார்கள். “பல்லு முளைக்கிற நேரம் மேடம், பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு ஊசி போட்டார். சாயங்காலமே குட்டி எழுந்து வாலாட்டியது. வீட்டம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்ததாம். மறுநாள் ராத்திரி ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பார்வோ என்ற வைரஸ் நோய்! குப்பைக்கூடையில் கிடந்த காலி பாட்டில்களை எடுத்துப் போய்க் காட்டியபோதுதான், முந்தின நாள் போட்டதில் ஒன்று ஸ்டீராய்டு என்பதே தெரிந்தது. அது நோயைக் குணப்படுத்தவில்லை. குட்டிக்கு ஒரு பொழுது தெம்பு காட்டி, இருந்த எதிர்ப்புச் சக்தியையும் அடித்துப் போட்டுவிட்டது.

“நேத்தே வந்திருக்கணும்மா” என்றாராம் டாக்டர். விடிவதற்குள் குட்டி போய்விட்டது. கிளினிக் செலவில் பாதி மிச்சம் பிடிக்கப் போய், டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, அட்மிஷன் என்று பல ஆயிரம் கட்டிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

அதோடு முடியவில்லை. பிள்ளைகள் ஏங்கிப் போகிறார்களே என்று இரண்டு மாதத்துக்குள் இன்னொரு குட்டி வந்தது. அதுவும் வாந்தி எடுத்தது. ஏன் தெரியுமா? பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீட்டை அவர்கள் பினாயில் ஊற்றித்தான் கழுவியிருக்கிறார்கள். பினாயிலுக்கு இந்தக் கிருமி மசியாது! பிளீச்சிங் கரைசல்தான் போட வேண்டும், அதுவும் பத்து நிமிடமாவது ஊறவிட்டுக் கழுவ வேண்டும். இரண்டாவது குட்டியை வாந்தி எடுத்த அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியதால் அது பிழைத்தது.

நேரத்தோடு அட்மிட் செய்தால் பார்வோவிலிருந்து பெரும்பாலான குட்டிகளை மீட்டுவிடலாம். ஒரு நாள் தள்ளினால் கைமீறும். போலி டாக்டர் நம்மிடம் பறிப்பது காசை மட்டுமல்ல. அந்த ஒரு நாளை!

யார் கால்நடை மருத்துவர்? பி.வி.எஸ்ஸி. அண்ட் ஏ.ஹெச். படித்திருக்க வேண்டும். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு அது. படித்தால் மட்டும் போதாது, மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவும் செய்திருக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் சொல்லும் விதி இதுதான். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்ப்பது குற்றம். உதவியாளர்கள் கட்டுப் போடலாம், சின்னச் சின்ன வேலைகள் செய்யலாம். அதையும் டாக்டரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். குட்டி விற்பவர், முடி வெட்டி குளிப்பாட்டுபவர், பெட் ஷாப்காரர், முன்பு ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர் இவர்களெல்லாம் எத்தனை வருட அனுபவம் சொன்னாலும் டாக்டர் இல்லை.

கேளுங்கள்! “டாக்டர், உங்க ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க, புக்குல எழுதிக்கிறேன்” என்று மரியாதையாகவே கேட்கலாம். உண்மையான டாக்டருக்கு இதில் கோபம் வராது. கேட்டதும் முகம் மாறினால், பேச்சை மாற்றினால், உங்கள் செல்லத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஊசி போடும்போது கண்ணை எடுக்காதீர்கள். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசி பெரும்பாலும் இரண்டு சின்ன பாட்டிலாக வரும். ஒன்றின் அடியில் வெள்ளைக் கட்டியாகக் காய்ந்த மருந்து, இன்னொன்றில் கலக்குகிற நீர். உங்கள் கண்ணெதிரே திறந்து, கலந்து, உடனே போட வேண்டும். பாட்டில் ஃப்ரிட்ஜிலிருந்தோ ஐஸ் பெட்டியிலிருந்தோ வர வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தால்தான் தடுப்பூசிக்கு உயிர் உண்டு. வெயிலில் கிடந்ததைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். வெறிநாய்க்கடி தடுப்பூசி ஃப்ரீசரில் உறைந்துபோனாலும் கெட்டுவிடும்.

விற்பவர் தரும் புக்கை அப்படியே நம்பாதீர்கள். குட்டிக்கு ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி மூன்று மாதத்தில். நாற்பது நாள் குட்டிக்கு “எல்லா ஊசியும் முடிஞ்சுது” என்று யாராவது சொன்னால் அது பொய். சந்தேகமாக இருந்தால், சரியான டாக்டரிடம் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

இதையெல்லாம் பார்த்தால் உடனே விலகுங்கள். தொட்டுப் பார்க்காமல், காய்ச்சல் பார்க்காமல், வாயைத் திறந்து ஈறு பார்க்காமல் நேராக ஊசியை எடுப்பவர். மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்காமல் பொட்டலத்தில் மாத்திரை மடித்துத் தருபவர். என்ன நோய் என்று கேட்டால், “சரியாயிடும்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லாதவர். எது வந்தாலும் அதே இரண்டு ஊசியைப் போடுபவர். இன்னொரு டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்றால் ரிப்போர்ட்டைக் கொடுக்க மறுப்பவர்.

ஏ.சி. போட்டுக் கண்ணாடி பதித்த கிளினிக் என்பதால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லாமல் அட்மிஷன் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் பெரிய பில்லை நீட்டுகிற இடங்களும் உண்டு.

பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படாதீர்கள். நம்மில் பாதிப் பேர் செய்கிற தப்பு இதுதான். டாக்டர் முன்னால் கௌரவம் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அடுத்த வேளைக்கு வராமலே இருந்துவிடுகிறோம். பாதியில் விட்ட வைத்தியம் இரட்டிப்பு ஆபத்து! உண்ணிக் காய்ச்சலுக்கு நான்கு வாரம் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். பத்தாம் நாள் நாய் துள்ளுகிறதே என்று நிறுத்தினால், நோய் உள்ளே பதுங்கிக்கொண்டு ரத்த அணுக்களை அழித்துக்கொண்டே இருக்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். “டாக்டர், என்னால் இவ்வளவுதான் முடியும். இதுக்குள்ள எது அவசியம்?” ஒரு நாளைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். “இந்த டெஸ்ட் எடுத்தால் வைத்தியம் மாறுமா?” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் உட்கார்ந்து விளக்குவார், குறைந்த செலவில் வேறு வழி இருந்தால் அதையும் சொல்வார்.

கையில் காசு இல்லையென்றால் போலியிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. அரசுக் கால்நடை மருந்தகங்கள் ஊர் ஊருக்கு இருக்கின்றன, மாடு ஆட்டுக்கு மட்டும் என்று நினைத்து நாம்தான் போவதில்லை. 1903-இல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் உண்டு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் துறை வாரியாக டாக்டர்கள் இருக்கிறார்கள், கட்டணம் தனியார் இடங்களைவிடக் குறைவு. செல்லப் பிராணி இன்சூரன்ஸ் எடுப்பதானால் வரிக்கு வரி படித்துவிட்டு எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாகப் பணம் வராது. மாதம் ஒரு சிறு தொகையைத் தனியாகச் சேமித்து வைத்தால் ராத்திரி ஆபத்துக்கு அது கை கொடுக்கும்.

கருத்தடை ஆபரேஷனைச் செலவு என்று தள்ளிப் போடாதீர்கள், அம்மாக்களே. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கோக்கலாம். அடிக்கடி தண்ணீர் குடிக்கும், சுருண்டு படுக்கும், சில சமயம் வெளியே ஒன்றுமே வடியாது. அதை அவசர ஆபரேஷனில் எடுக்க ஆகிற செலவு கருத்தடைச் செலவைப் போலப் பல மடங்கு. உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

இன்னொன்று. வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள்! காய்ச்சலாக இருக்கிறதே என்று பூனைக்குப் பாரசிட்டமால் அரை மாத்திரை கொடுத்தாலே போதும், அது விஷம். முகம் வீங்கும், ஈறு பழுப்பாக மாறும், மூச்சு முட்டும். நாய்க்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் பழுதாகும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனை முதுகில் விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூடாத நேரங்கள் உண்டு. ஆண் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து விடுகிறோம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்! பெரிய நாயின் வயிறு மத்தளமாக உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வரவில்லை என்றால் உங்களுக்கு இருப்பது சில மணி நேரம்தான். ஈறு வெளுத்துப் போனாலும், குட்டி ரத்தமாகப் பேதி போனாலும் அந்த நிமிடமே கிளம்புங்கள். ராத்திரியில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று அப்போது தேடாதீர்கள். இன்றைக்கே போன் செய்து விசாரித்து, எண்ணை வீட்டில் எல்லார் போனிலும் ஏற்றி வையுங்கள்.

கடைசியாகச் சொல்வது உங்கள் பிள்ளைகளுக்காக. பதிவு இல்லாதவர் போட்ட வெறிநாய்க்கடி ஊசியை நம்பி, “நம்ம நாய்தானே, ஊசி போட்டிருக்கே” என்று கடியையோ கீறலையோ விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் அப்பாதீர்கள், காயத்தைக் கட்டிப் போடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கழுவிய கையோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். காயம் ஆழமாக இருந்தால், ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியையும் கேளுங்கள். டாக்டர் சொல்கிற தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.