இரவில் மூச்சு வாங்கும் மரம்

சித்திரை வெயிலில் திருச்செங்கோட்டு மலையடிவாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பாறைகள் அனல் கக்கும். மானாவாரிக் காடுகளில் புல் கருகிப்போகும். ஆனால், வேலியோரத்துச் சோற்றுக் கற்றாழை மட்டும் பசுமை மாறாமல் நிற்கும். முழங்கால் உயரமே வளரும் இச்செடியின் உறவினர்களில், வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும் மரங்களும் உண்டு என்றால் நம்புவீர்களா?

கம்பம்போல் பூந்தண்டு விடும் ஆனைக் கற்றாழையைச் சொல்லவில்லை. அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு இனம். உண்மையான மரக் கற்றாழைகளின் தாயகம் ஆப்பிரிக்கா. தென் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் மொசாம்பிக்கிலும் வளரும் ஒருவகை 18 மீட்டர் வரை உயரும். நமீபியப் பாலை நிலத்தில் வளரும் மற்றொன்று 9 மீட்டர் வரை உயரும். அதன் கிளைகளைக் குடைந்து சான் வேடர்கள் அம்பறாத்தூணி செய்தனர். எனவே, அதற்கு அம்பறாத்தூணி மரம் என்றே பெயர். 2013-இல் தாவரவியலார் இவற்றை ‘அலாய்டென்ட்ரான்’ என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தனர்.

வறண்ட நிலத்தில் இவை எவ்வாறு வாழ்கின்றன? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அப்போது நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. கற்றாழையோ பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. குளிர்ந்த இரவில் திறந்து, வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிக்கிறது. மறுநாள் வெயிலில் அந்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்து ஒளிச்சேர்க்கை நடத்துகிறது.

இதற்கான தடயம் ரணகள்ளி இலையில் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாராகத் தென்னிந்தியாவில் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹெய்ன். இவ்விலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று 1813-இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை வெளியிட்டது.

அப்படியானால், வறண்ட திருச்செங்கோட்டில் மரக் கற்றாழை எளிதாக வளருமா? இங்குதான் ஒரு சிக்கல். நம் கோடையில் இரவும் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. இரவு வெப்பமானால் இத்தகைய செடிகள் உட்கொள்ளும் வாயு குறையும்; வளர்ச்சியும் தளரும். அந்நேரம் ‘செடி வாடுகிறதே’ என்று குடம் குடமாக நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். வெயிலைவிட அன்பே அதைக் கொன்றுவிடும்!

ஆகவே, கோடை மழைக்குப் பழகிய முதல் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கிளைத்துண்டை நிழலில் வைத்து, வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பின்னரே நட வேண்டும். செம்மண்ணுடன் பருமணலும் சரளைக் கல்லும் கலந்து மேடு அமைத்தால் ஐப்பசி மழை தேங்காது. மண் முழுதும் காய்ந்த பிறகே நீர் விடுங்கள். இளங்கன்றுக்குப் பிற்பகல் நிழல் தேவை. பெரிய மரமாகும் என்பதால் சுவரை ஒட்டி நடாதீர்கள்.

பாலைவன மரத்துக்கும் வெப்பத்தில் ஓர் எல்லை உண்டு. அம்பறாத்தூணி மரங்கள் நிலநடுக்கோட்டை நோக்கிய வடக்குப் பகுதியில் மிகுதியாக மடிவதை 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புவி வெப்பம் உயர்வதே காரணம் என்று அது சுட்டியது. வறட்சியை வென்ற மரம் வெப்பத்துக்குத் தோற்கிறது!

ஹெய்ன் கண்டதை நீங்களும் சோதிக்கலாம். விடியற்காலையில் ஒரு ரணகள்ளி இலையையும், மாலையில் அதே செடியின் மற்றோர் இலையையும் பறித்து நசுக்கி, சாற்றைப் பி.எச். தாளில் தடவுங்கள். சுவைத்துப் பார்க்க வேண்டாம். அவ்விலையில் நச்சுப் பொருள்கள் உண்டு. காலைச் சாற்றில் அமிலம் கூடியிருப்பதைத் தாளின் நிறமே காட்டும். இரவெல்லாம் செடி செய்த வேலைக்கு அதுவே சாட்சி.