டி. பி. ராஜலட்சுமி (1911–1964)

திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமிக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது. வரதட்சணைத் தகராறில் முறிந்தது. தகப்பனாரும் காலமாக, தாயும் மகளும் திருச்சிக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர ராஜலட்சுமிக்குத் துணைநின்றவர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்.

மேடையில் பாடிப் பேரெடுத்தவர், 1929இல் 'கோவலன்' மௌனப் படத்தில் நடித்தார். அங்கே குரலுக்கு வேலையில்லை; கண்ணும் கையும்தான் வசனம். 'உஷா சுந்தரி'யும் அந்த வரிசையில் வந்தது.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. பம்பாயில் எடுத்த படம். நாயகன் தெலுங்கில் பேச, ராஜலட்சுமி தமிழில் பேசினார். தியாகராஜர் கீர்த்தனையோடு, கதைக்குச் சம்பந்தமே இல்லாத காந்தியின் ராட்டைப் பாட்டும் அதில் இருந்தது. பேசாப் படத்தில் அடைபட்டிருந்த அந்தக் குரலைத் திரையில் ஜனங்கள் கேட்டது அன்றுதான்.

1936இல் தம் நாவலையே 'மிஸ் கமலா' என்று தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவரே. இயக்குநர்களைப் பட்டியலிடும்போது இந்தப் பெயரைத் தவறவிடுவது பெரிய அநியாயம். பெண் சிசுக்கொலையை எதிர்த்த அவர், அதிலிருந்து மீட்ட ஒரு குழந்தையைத் தம் மகளாகவே வளர்த்தார்.